கழுவின பழம்

ஆமா, மிக்கேல் வீடுதான். உள்ள வாங்க தாயி. செருப்பக் கழட்டாட்டியும் பரவாயில்ல. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. மிக்கேல் இல்லையே. குமுளிக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல வேலை பாக்குறான். அவனும் பொண்டாட்டியும் அங்கதான் லைன் வீட்டுல இருக்காக. மாசத்துக்கு ஒருக்கா வருவான். நான் அவன் அக்கா, சலேத்துமேரி. சலேத்தக்கா வீடுன்னு கேட்டிருந்தா நேரா கொண்டாந்து விட்டிருப்பாக.

ஒயின் கம்பெனியிலருந்தா? அடேயப்பா, இப்பப் பொம்பளப் பிள்ளைகளையும் அனுப்புறாகளா. முன்னாடி வந்தவரு திவாகருன்னு, கண்ணாடி போட்டிருப்பாரு. காபிக்குச் சீனி கொஞ்சமாப் போடுங்கன்னுவாரு. மாத்தலாகிப் போயிட்டாரா? சரி, நல்லா இருக்கட்டும்.

இருங்க, நீங்க சொன்னது எனக்குச் சரியா வெளங்குச்சான்னு பாருங்க. கம்பெனிக்குப் புது மேனேசரு வந்திருக்காரு. போன வருசம் பங்குனியில மழை பேஞ்சு பழம் கெட்டுப் போனவுகள மறுபடி சேத்துக்கலாம்னு சொல்லிருக்காரு. எங்க பைல்ல மட்டும் ரெண்டு விதமா இருக்கு. மிக்கேலு மழைன்னு சொன்னதா ஒரு பக்கம். வீட்டுல மழையே இல்லன்னு சொன்னதா இன்னொரு பக்கம். அதனால வீட்டுல பெரியவுககிட்ட ஒருக்கா கேட்டு, எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லிருக்காக. மழைன்னா சேத்துக்குவீக, இல்லைன்னா பைலை மூடிருவீக. அதானே? நல்ல வேளை, இந்த வாரம் வந்தீக. வர்ற திங்கக்கிழமை ஜேசிபி வருது. பந்தக் கல்லு பூராத்தையும் பிடுங்கிட்டு வாழைக்குக் குத்தகை விடப்போறான் மிக்கேலு. வேணாம்டான்னு சொன்னேன். "கவாத்து வெட்டி யாருக்குக்கா பழம் குடுக்கிறது?"ன்னான்.

மழையே இல்லன்னு சொன்னது யாருன்னு கேக்குறீங்களா? நான்தான்.

பேனாவ எடுக்காதீங்க, ஒத்த வார்த்தையில சொல்ற சங்கதியில்ல இது. நீங்க பாட்டுக்கு இல்லன்னு எழுதிட்டுப் போயிருவீக. ஊரும் என்னயத்தான் குறை சொல்லுது. என் பக்கத்து நியாயத்த ஒருத்தராச்சும் முழுசாக் கேக்கணும். கேட்டுட்டு எழுதுங்க.

எங்கம்மா சாகுறப்ப மிக்கேலுக்குப் பதினோரு வயசு. நான் அப்ப புருசனத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறேன். கல்யாணமாகி ரெண்டே வருசம், லாரியில அடிபட்டுப் போயிட்டாரு. மறுபடி கட்டிக்கன்னு நல்ல எடத்துலருந்து கேட்டாக தாயி. நான் மாட்டேன்னுட்டேன். இவன யாரு பாக்குறது? சோறு ஆக்கி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, தோட்டத்தையும் பாத்தேன். இதச் சொல்லிக் காட்டுறதுக்காகச் சொல்லல. நான் ஒருநாளும் சொல்லிக் காட்டுனதில்ல. வேணும்னா அவங்கிட்டயே கேளுங்க, நான் சொல்லிக் காட்டாத நாளே கெடையாதும்பான், வெளையாட்டுக்கு.

அப்ப இந்தப் பந்தல்ல பன்னீர் திராட்சைதான். கவாத்து வெட்டுனா நூத்தி இருவது நாள்ல பழம். வருசத்துக்கு ரெண்டு வெட்டு, மூணு வெட்டு வரும். எங்க ஊருல வெட்டு ஆரம்பிக்கிற அன்னைக்கு ஒரு முறை உண்டு. மொதக் கொத்த வீட்டுப் பொம்பள வெட்டணும். கத்தரியால சிலுவை போட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லி வெட்டி, தரையில வைக்காம கையிலயே கொண்டுபோயி மாதா கோயில்ல வைக்கணும். அதுக்கப்புறந்தான் மத்தவுக கத்தரியத் தொடணும். இருவத்தி ரெண்டு வருசம் இந்தத் தோட்டத்துல மொதக் கொத்து வெட்டுனது இந்தக் கைதான். பிரகாசி கல்யாணமாகி வந்த பிறகும் நான்தான் வெட்டுனேன். அவளும் ஒண்ணும் கேக்கல. பிரகாசின்னா மிக்கேலு பொண்டாட்டி, வத்தலக்குண்டுக்காரி.

அப்புறந்தான் உங்க கம்பெனி வந்துச்சு. பன்னீரப் பூராம் எடுத்துட்டு ஒயின் பழம் போடுறேன்னு ஒத்தக்கால்ல நின்னான் மிக்கேலு. சீராசுன்னு பேராம். எனக்கு அது வாயில நிக்காது, சிரசு சிரசுன்னுதான் சொல்லுவேன். அவன் சிரிப்பான். நட்டு மூணு வருசம் காத்துக் கெடக்கணும். பழம் வந்தாலும் மணத்தக்காளிக்கு அண்ணன் மாதிரி இத்தினிக்கூண்டு இருக்கும், தோலு கெட்டி, உள்ள பூராம் கொட்டை. "என்ன மிக்கேலு, திராட்சை போட்டியா, மொளகு போட்டியா?"ன்னு ஊருல கேலி பண்ணுனாக. அவன் கண்டுக்கிறல. காலையில எந்திரிச்சதும் பல்லுகூட வெளக்காம தோட்டத்துக்குப் போவான். அவன் வாழ்க்கையில அப்படி ஒரு சந்தோசத்த நான் பாத்ததில்ல.

பிரகாசியும் ஒழைச்சா, இல்லைங்கல. மோட்டாரு காயிலு எரிஞ்சு போனப்ப பதினெட்டு நாளு கொடத்துல தண்ணி சொமந்து ஒவ்வொரு கன்னுக்கா ஊத்துனா. கயிறு கட்டிக் கொடியப் பந்தலுக்கு ஏத்திவிட்டதும் அவதான். கொடிக்கெல்லாம் நம்பரு போட்டு ஒரு நோட்டு வச்சிருந்தா, எது என்னைக்குத் துளுத்துச்சு, எது பூ விட்டுச்சுன்னு. அது என்ன பெரிய காரியமா? எழுதத் தெரிஞ்சா யாரும் எழுதிட்டுப் போறாக.

எனக்குச் சாராயத்துக்குப் பழம் குடுக்குறதே பிடிக்கல. திவாகருகிட்ட நேராவே கேட்டேன். "ஏஞ்சாமி, குடிச்சுக் குடி கெடுறதுக்கா நாங்க பாடுபடணும்?" அவரு சிரிச்சாரு. "அம்மா, கோயில் பூசைக்குப் போற திராட்சை ரசமும் எங்க கம்பெனியிலருந்துதான் போகுது"ன்னாரு. அப்படிச் சொன்னதும் எனக்கு மேலு சிலுத்துப் போச்சு. பூசையில சாமியாரு கிண்ணத்தத் தூக்குறப்ப அதுக்குள்ள எங்க தோட்டத்துப் பழம்! அன்னையிலருந்து நான் வாயைத் தொறக்கல. தோட்டத்துக்குள்ள செருப்பு போட்டு நடந்தவுகளக்கூட வஞ்சேன். மிக்கேலயும் வஞ்சிருக்கேன்.

மொத வெட்டு போன வருசம் பங்குனியில வந்துச்சு. தவக்காலம். அத்தன பொருத்தமா வந்துச்சு பாருங்க. ஒரு வாரமா மிக்கேலு தூங்கல. வானத்தப் பாக்குறதும், போன்ல மழை வருமான்னு பாக்குறதும். கோடை மழை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ஒருநாள் சாயந்தரம் நாலு தூத்தல் விழுந்துச்சு, அதுக்கே தலையில கைய வச்சு உக்காந்துட்டான். எங்க எல்லாத்தையும் கூப்பிட்டுச் சொன்னான். "பழம் நனையக் கூடாது. பனி ஈரம் காஞ்ச பிறகுதான் கத்தரி வைக்கணும். நனைஞ்சா சக்கரை எறங்கிரும், தோலு வெடிச்சுரும், கம்பெனியில எடுக்க மாட்டாக." மூணு தடவ சொன்னான். வெட்டு அன்னைக்கும் ஆறரை மணிக்கு எல்லாரையும் வரப்புல நிறுத்திட்டு, ஒவ்வொரு கொடியா எலையத் தடவித் தடவிப் பாத்தான், ஈரம் இருக்கான்னு. பதினாலு பொம்பளைக நிக்கிறோம்.

நான் கத்தரியத் துணியில சுத்தி மடியில வச்சிருந்தேன். சிலுவை போடணும்ல. அவன் வந்து, "அக்கா, கத்தரியக் குடு"ன்னான். தொடச்சுக் குடுக்கத்தான் கேக்குறான்னு நெனச்சுக் குடுத்தேன். வாங்கி அத அப்படியே பிரகாசி கையில குடுத்துட்டான். "நீ வெட்டு பிரகாசி"ன்னான். அவ என்னயப் பாத்தா. "மதினி வெட்டட்டுங்க"ன்னா. "இந்தக் கொடி நீ வளத்தது. அக்கா ஒண்ணும் நெனைக்காது"ன்னான். என்னயப் பாத்து, "இல்லக்கா?"ன்னான். பதினாலு பேருக்கு முன்னாடி.

நான் ஒண்ணும் நெனைக்கல தாயி. சத்தியமா நெனைக்கல. தாலி அறுத்தவ கை மொதக் கொத்துல படக்கூடாதுன்னு அவ ஆத்தாக்காரி சொல்லிக் குடுத்திருப்பா. யாரும் சொல்லல, ஆனா எனக்குத் தெரியாதா? அந்த ஆத்தாக்காரி செத்து ஆறு வருசம் ஆச்சு, இருந்தாலும் சொல்லிட்டுத்தான் செத்திருப்பா. அவ வெட்டுனா. மிக்கேலு அவளையே பாத்துக்கிட்டு நின்னான். நான் தலையில துண்டக் கட்டிக்கிட்டுக் கூலிக்கு வந்தவுகளோட சேந்து நின்னு வெட்டுனேன்.

பத்து மணிக்குப் பாதித் தோட்டம் முடிஞ்சுச்சு. அறுவது பெட்டி, எல்லாம் பிளாஸ்டிக் பெட்டி, புளியமரத்து நெழல்ல வரிசையா அடுக்கியாச்சு. மீதிய எட்டு நாள் கழிச்சு வெட்டணும்னு கம்பெனியிலயே சொல்லிருந்தாக. வேனு வரல. உத்தமபாளையத்துல டயரு வெடிச்சு நிக்கிதுன்னு போன் வந்துச்சு. மிக்கேலு பைக்கை எடுத்துட்டுப் போனான். பிரகாசி, ஆளுகளுக்குச் சோறாக்கிக் கொண்டாறேன்னு வீட்டுக்குப் போயிட்டா. நான்தான் காவல்.

சும்மா உக்காந்திருக்கேன். பெட்டியப் பாக்குறேன். ஒவ்வொரு கொத்து மேலயும் வெள்ளை வெள்ளையா பொடி. அங்கங்க நீலமா துத்தக் கறை. நாங்கதான தெளிச்சோம், பூசணத்துக்கு மருந்தா மயில்துத்தமும் சுண்ணாம்பும். ஒரு பெட்டியில ஓணான் ஓடுது. எனக்கு மனசு கேக்கல. இதுவா தாயி ஆண்டவரு ரத்தமாகுறது? வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தாக்கூட பழத்தக் கழுவித்தான குடுக்குறோம்? பலிபீடத்துக்குப் போறது. மண்ணோட, மருந்தோட, ஓணான் காலோடயா போகணும்? பக்கத்துல மோட்டாரு தொட்டி நெறையத் தண்ணி கெடக்கு. "எல்லாரும் வாங்கடி, கழுவிருவோம்"ன்னேன்.

முத்துப்பேச்சின்னு ஒருத்தி, அவ கோயிலுக்கு வர்றவ இல்ல, இந்துதான். அவ சொன்னா, "அக்கா, நனையக் கூடாதுன்னு அண்ணன் அத்தன தடவ சொன்னாரே." நான் சொன்னேன், "அவன் சொன்னது மழைத் தண்ணிடி. மழைத் தண்ணி வேற, கழுவுற தண்ணி வேற. போடி, பெட்டியத் தூக்கு." அவ தூக்கல. மத்தவுகளும் கொஞ்சம் தயங்குனாக. நான் மொதப் பெட்டியத் தொட்டிக்குள்ள எறக்குனேன். அதுக்கப்புறம் வந்தாக. முத்துப்பேச்சி மட்டும் கடைசி வரைக்கும் வரப்புலயே உக்காந்திருந்தா.

செபமாலை சொல்லிக்கிட்டே கழுவுனோம். அறுவது பெட்டிக்கும் பதினஞ்சு தேவரகசியமும் சொல்லி முடிச்சு, மாதா மன்றாட்டும் பாடியாச்சு. தொட்டித் தண்ணி கத்தரிக்கா நெறமாப் போச்சு. அத்தன அழுக்கு. பழம் என்ன பளபளப்பு தெரியுமா? கருப்பு மணி மாதிரி. நீங்க பாத்திருந்தா நீங்களே கையெடுத்துக் கும்பிட்டிருப்பீக. ஏன் தாயி அப்படிப் பாக்குறீங்க? நீங்களும் படிச்சவுகதான், நல்ல எண்ணத்துல செஞ்சது எதுன்னு உங்களுக்குத் தெரியாதா?

வேனு வந்துச்சு. மிக்கேலு முன்னாடி பைக்குல வந்தான். வண்டிய நிறுத்துனவன் அப்படியே நிக்கிறான். தரை பூராம் ஈரம். நடந்து வந்து ஒரு பெட்டிக்குள்ள கைய விட்டான். கையத் தூக்குனா முழங்கையில தண்ணி ஒழுகுது. திட்டுவான்னு பாத்தேன். திட்டல. "எத்தன பெட்டிக்கா?"ன்னான். "எல்லாந்தாண்டா, ஒண்ணு விடல"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

அவன் சட்டையக் கழட்டுனான் தாயி. கழட்டி, கீழ உக்காந்து, ஒரு கொத்த எடுத்துத் தொடச்சான். வச்சான். இன்னொண்ண எடுத்துத் தொடச்சான். அறுவது பெட்டி. பிரகாசி சோத்துச் சட்டியோட வந்தா. பாத்தா. சட்டிய எறக்கி வச்சுட்டு, வீட்டுக்கு ஓடி, போர்வை, துண்டு, அவ கல்யாணப் பட்டு எல்லாத்தையும் அள்ளிட்டு வந்து அவனுக்கு எதுத்தாப்புல உக்காந்து தொடச்சா. ரெண்டு பேரு கையும் ஓடுது. முத்துப்பேச்சியும் முந்தானையோட போயி உக்காந்தா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். நாங்க செபம் சொல்லிக் கழுவுனத வேர்வைச் சட்டையால தொடைக்கிறானே! "டேய், அது ஆண்டவருக்குப் போறதுடா"ன்னு கத்துனேன். அவன் தலைய நிமித்தவே இல்ல.

எத்தனையத் தொடைக்க முடியும்? பத்துப் பெட்டி தொடச்சிருப்பாக. வேன்காரரு நேரமாச்சுன்னாரு. அப்படியே ஏத்தி, தார்ப்பாயப் போட்டு மூடி, பங்குனி வெயில்ல மூணு மணி நேரம் ஓட்டம். மிக்கேலும் கூடப் போனான். கம்பெனி கேட்டுல தார்ப்பாயத் தூக்குறப்பவே புளிச்ச வாடை வந்துச்சாம். வேன்காரரு வந்து சொன்னாரு. சக்கரை பாக்குற மிசின வச்சுப் பாத்தாகளாம். வேணாம்னு திருப்பி விட்டுட்டாக. வர்ற வழியில ஒரு ஓடைக்கரையில மிக்கேலே எறங்கி, ஒவ்வொரு பெட்டியாக் கவுத்துக் கொட்டுனானாம். வேன்காரரு உதவிக்கு வந்ததுக்கு, "வேணாம்ணே, நானே கொட்டுறேன்"ன்னானாம்.

அங்க கேட்டுல திவாகரு கேட்டிருக்காரு, ஏன் மிக்கேல் ஈரம்னு. இவன் சொல்லிட்டான், மழைன்னு. வெட்டி வச்ச பெறகு மலைப்பக்கமிருந்து திடீர்னு வந்துருச்சுன்னு. அவரும் நம்பிட்டாரு. "மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, மீதித் தோட்டத்த எட்டு நாள்ல வெட்டுங்க, நான் வந்து பாக்குறேன்"னுட்டாரு. எனக்கு இதெல்லாம் அன்னைக்குத் தெரியாது, மறுநாள் வேன்காரரு சொல்லித்தான் தெரியும். தெரிஞ்சப்ப எனக்கு வெறுத்துப் போச்சு. தவக்காலத்துல, பூசைக்குப் போற பழத்த வச்சு, பொய்யி! நான் வளத்த பிள்ளை! நான் கோயிலுக்குப் போயி சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், என் தம்பி பொய் சொல்லிட்டான் சாமின்னு. அவரு சொல்றாரு, "மத்தவங்க பாவத்துக்கு இங்க மன்னிப்பு கெடையாதும்மா. உங்க பாவம் ஏதாச்சும் இருக்கா?"ன்னு. நான் முழங்காலு வலிக்க யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தட்டுப்படல.

ஞாயித்துக்கெழம திவாகரு வந்தாரு. நீங்க உக்காந்திருக்க எடத்துலதான் உக்காந்தாரு. சீனி கொஞ்சமாப் போட்டுக் காபி குடுத்தேன். மீதித் தோட்டத்தப் பாத்துட்டு நல்லா இருக்குன்னாரு. மிக்கேலு மொகத்துல அன்னைக்குத்தான் திரும்ப உசிரு வந்துச்சு. பைல்ல எழுதணும்னு பேச்சுவாக்குல என்னயக் கேட்டாரு. "அன்னைக்கு மழை எம்புட்டு நேரம்மா பேஞ்சது?"

மிக்கேலு அந்தா, அந்த நெலப்படியில சாஞ்சு நின்னான். என்னயப் பாத்தான். பதினோரு வயசுல அம்மா பொணத்துக்குப் பக்கத்துல நின்னு என்னய அப்படித்தான் பாத்தான்.

நான் சொன்னேன். "மழையா? ஒரு பொட்டு விழலையே. நாங்கதான் தொட்டியில போட்டுக் கழுவுனோம்."

திவாகரு காபிய கீழ வச்சுட்டாரு. "கழுவிட்டாங்கன்னே சொல்லிருக்கலாமே மிக்கேல். தெரியாமப் பண்ணுனதுன்னு நான் எழுதிருப்பேன். பொய் சொன்னவங்க பழத்த கம்பெனியில எடுக்க மாட்டாங்களே"ன்னாரு. போயிட்டாரு. மீதித் தோட்டத்தக் கம்பெனி எடுக்கல. கம்பத்து ஏவாரி, இந்தக் கொட்டைப் பழம் யாரு திம்பான்னுட்டான். கிளியும் மைனாவுந்தான் தின்னுச்சு. ஈஸ்டரு முடிஞ்ச மறுநாளு ரெண்டு பேரும் ஒரு பையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிட்டாக.

சண்ட போட்டுட்டுப் போயிருந்தாக்கூட ஆறும் தாயி. வர்றப்ப எல்லாம் "சாப்பிட்டியாக்கா? மாத்திரை தீந்துருச்சா?"ன்னு கேக்குறான். அரிசி வாங்கிப் போடுறான். பிரகாசி எனக்குத் தலைக்கு எண்ணெய் தேச்சுவிடுறா. அந்த அன்னைக்கப் பத்தி ஒரு வார்த்தை ரெண்டு பேரு வாயிலருந்தும் வந்ததில்ல. வெளியாளுககிட்ட பேசுற மாதிரி பேசுறான். இருவது தடவ அவன வஞ்சு பாத்துட்டேன், திருப்பி வைவான்னு. சரிக்காங்குறான்.

என்ன கேட்டீங்க? அவரு ஏன் மழைன்னு சொன்னாருன்னா?

ஏன் சொன்னான்னா... பொய் சொன்னான். அதான். மாட்டிக்குவோம்னு பயந்து... இல்ல, அவனுக்கு என்ன பயம்? கழுவுனது அவன் இல்லையே. கழுவிட்டாகன்னே சொல்லிருக்கலாம்னு திவாகரே சொன்னாரே. அப்படிச் சொல்லிருந்தா யாரு கழுவுனதுன்னு கேட்டிருப்பாக. கேட்டா...

அக்கான்னு சொல்லணும்.

ஒன்றரை வருசமாகுது தாயி. இத நான் ஒருக்காக்கூடக் கேட்டுக்கிட்டதில்ல. ஊருல அத்தன பேரு என்னய வஞ்சாக, ஒருத்தரும் இதக் கேக்கல. அவன் பொய் சொன்னான் சொன்னான்னு நானே ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவன் நெலப்படியில நின்னு பாத்தது, காப்பாத்துக்கான்னு இல்ல. பேசாம இருக்கான்னு. உன்னயத்தான் காப்பாத்திக்கிட்டு இருக்கேன், பேசாம இருன்னு.

முத்துப்பேச்சி சொன்னப்பவே தெரிஞ்சதான்னு கேளுங்க. நீங்க கேக்கல, நானே கேக்குறேன். மொதப் பெட்டியத் தண்ணிக்குள்ள எறக்குறப்ப கை ரெண்டும் சில்லுன்னு இருந்துச்சு. அப்பத் தெரிஞ்சிருக்கும். ஆண்டவரு பேரச் சொல்லிக்கிட்டுத்தான் எறக்குனேன். ஆனா கண்ணுக்கு முன்னாடி நின்னது பிரகாசி கையில இருந்த கத்தரிதான்.

இருங்க, மொகத்தத் தொடச்சுக்கிறேன்.

இப்ப பேனாவ எடுங்க. எடுங்க தாயி. மழை பேஞ்சதுன்னு எழுதுங்க. ஆமா, பேஞ்சுச்சு. பத்தரை மணி இருக்கும். மேக்க மலைப்பக்கமிருந்து கருத்துக்கிட்டு வந்துச்சு. முக்கா மணி நேரம். காத்தும் மழையுமா, பெட்டியெல்லாம் மெதக்குற மாதிரி. கொடியில காயப்போட்ட என் சேலகூட நனைஞ்சு போச்சு. அறுவது பெட்டியும் மழையிலதான் நனைஞ்சுச்சு. என் தம்பி சொன்னது நெசம். திவாகரு கேட்டப்ப நான்தான் பொய் சொல்லிட்டேன். ஏன் சொன்னீகன்னு மேனேசரு கேட்டா, தம்பி பொண்டாட்டி மேல பொறாமையில சொன்னேன்னு எழுதுங்க. தயங்காம எழுதுங்க. கீழ சலேத்துமேரின்னு நானே கையெழுத்துப் போடுறேன், எனக்கு எழுதத் தெரியும்.

ஏன் தாயி என்னயவே பாத்துக்கிட்டு இருக்கீங்க? பேனா எழுதலையா?